ராஜராஜன் செப்புக்காசில் வெளிர்பச்சைப் பொடி: களிம்பை எடுக்கலாமா, விடலாமா?

காவிரிக்கரை:
சோழர் செப்புக்காசு ஒன்று, ரசீதுடன் வாங்கியது. எடை 3.87 கிராம், விட்டம் 19 மில்லிமீட்டர். நின்ற உருவம் ஓரளவு தெரிகிறது. மறுபக்கத்தில் அமர்ந்த உருவத்தின் தலையும் ஒரு முழங்காலும் மட்டும்தான் தெரிகின்றன. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மண்ணும் களிம்பும் சேர்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. நிறம் பெரும்பாலும் கரும்பச்சை. விளிம்பில் இரண்டு இடத்திலும், நடுவில் ஓரிடத்திலும் வெளிர்பச்சையாகப் பொடி. தூரிகையால் தட்டினால் உதிர்கிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது.

இது பிரான்ஸ் டிசீஸ் (bronze disease) என்கிற செம்பு அரிப்பு நோய்தானா? புளி, எலுமிச்சை, வினிகர் எதையாவது மிக நீர்க்கக் கலந்து பயன்படுத்தலாமா? எழுத்தை வெளியே கொண்டுவர வேறு வழி உண்டா?

செப்புப்படலம்:
முதலில் புளியைத் தள்ளி வையுங்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. காரணம், விளக்கின் உருவம் உலோகத்திலேயே இருக்கிறது. ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த காசில் அப்படி இல்லை. செம்பு அரிக்கும்போது அச்சடித்த மேற்பரப்பு உலோகமாக நிலைக்காமல் களிம்பாக மாறிவிடுகிறது. எழுத்தின் விளிம்பு, கண், விரல் எல்லாமே அந்தப் பச்சைப் படலத்துக்குள் படிந்திருக்கின்றன. அமிலம் அந்தப் படலத்தைத்தான் முதலில் கரைக்கும். எவ்வளவு நீர்க்கக் கலந்தாலும் நேரம்தான் கூடும், விளைவு மாறாது. மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில், அம்மைத்தழும்பு விழுந்த செப்புத் தகடு.

குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: நடுவில் மிச்சமுள்ள செம்பு, அதன்மேல் சிவப்பு நிறக் குப்ரைட் (செம்பு ஆக்சைடு), அதற்கும் மேல் கரும்பச்சை மலக்கைட் (செம்பு கார்பனேட்), கடைசியில் மண்ணோடு கலந்த பொருக்கு. பழைய மேற்பரப்பு பெரும்பாலும் மலக்கைட்டும் மண் பொருக்கும் சந்திக்கும் இடத்தில் இருக்கும். அந்த எல்லையைக் கண்டுபிடித்து அங்கேயே நிற்பதுதான் சுத்தம் செய்வது என்பதன் பொருள்.

பொடியைப் பற்றி: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் நோயோடு பொருந்துகின்றன. உலோகத்தை ஒட்டிய குழிகளில் குப்ரஸ் குளோரைடு பதுங்கியிருக்கும். மெழுகு போல வெளிறிய சாம்பல் நிறம். ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது வெளிர்பச்சைச் செம்பு ஹைட்ராக்சிகுளோரைடாக மாறும். பருமன் கூடுவதால் மேலே உள்ள படலத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அது அடியிலுள்ள புதுச் செம்பைத் தின்று மறுபடி குப்ரஸ் குளோரைடைத் தரும். இந்தச் சுற்று தானாக நிற்காது. ஒப்பு ஈரப்பதம் 42–46 சதவீதத்தைத் தாண்டினால் வேகமெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோர ஊர்களில் 80ஐத் தாண்டுகிறது.

உறுதி செய்துகொள்ள: மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஈரப்பஞ்சு ஒரு மூலையில், காசு அதைத் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் மூடிமேல். 24 மணி நேரம் கழித்து 10 மடங்கு லூப்பில் (கைலென்சில்) பாருங்கள். பொடி புதிதாக முளைத்திருந்தாலோ, குழியில் சிறு பச்சைத் துளி தேங்கியிருந்தாலோ சந்தேகமில்லை. உடனே எடுத்து உலர்த்திவிடுங்கள், சோதனையை நீட்ட வேண்டாம்.

நாகரிஎழுத்து:
அந்த எழுத்துப் பகுதி ஏன் முக்கியம் என்று ஒரு வார்த்தை. நின்ற உருவம் ஒருபக்கம், அமர்ந்த உருவம் மறுபக்கம் என்ற இந்த அமைப்பு முதலாம் ராஜராஜனோடு (985–1014) முடியவில்லை. இலங்கையில் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி, சாகசமல்லன் வரை இதே அமைப்பில் காசு அடித்தார்கள். உருவங்கள் கோடுகளாகச் சுருங்கியபிறகு எது யாருடையது என்று சொல்ல அமர்ந்த உருவத்தின் இடக்கைக்குக் கீழே உள்ள நாகரி எழுத்துதான் சான்று. சோழர் காசில் 'ஸ்ரீ', 'ராஜ', 'ராஜ' என ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். 'ரா'வின் கால் தேய்ந்துவிட்டால் காசே பெயரில்லாமல் போய்விடும். ஆகவே தொடும் முன் படம் எடுங்கள். விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, நான்கு திசையிலிருந்தும் சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு படம். பொருக்குக்கு அடியில் இருக்கும் எழுத்தின் மேடு பலசமயம் நிழலாகவே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் அந்த இடத்தைத் தொடவே வேண்டாம்.

காவிரிக்கரை:
24 மணி நேரச் சோதனையில் நடுக்குழியிலும் விளிம்பில் ஒன்றிலும் பொடி முளைத்தது. இன்னொரு விளிம்புப் புள்ளி அப்படியே இருக்கிறது. சாய்ந்த ஒளியில் ஒரு மேடு தெரிகிறது, எழுத்தா பொருக்கா என்று பிரிக்க முடியவில்லை.

செப்புப்படலம்:
மாறாமல் இருக்கும் புள்ளி வெறும் மலக்கைட்டாக இருக்கலாம். மரக்குச்சி முனையால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வழவழப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். பிசுபிசுப்பாக ஒட்டினால் அது காசு வைத்திருந்த பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. அசிட்டோன் நனைத்த பஞ்சில் போய்விடும். அதே அசிட்டோன் பஞ்சால் காசு முழுவதையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பச்சை நிறம் பஞ்சில் சாயம்போல இறங்கினால் யாரோ பூசிய நிறம் என்று பொருள், பேச்சே வேறு.

இனி வேலை. இரண்டையும் கலக்காதீர்கள்: முதலில் கையால் பொருக்கு நீக்கம், அதற்குப் பிறகு குளோரைடு நீக்கம். பொருக்கு மேலே இருக்கும்போது கரைசலில் போட்டால் குழிகளுக்குள் எதுவும் இறங்காது.

கருவிகள்: 10–20 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி. இல்லாவிட்டால் ஸ்டாண்டில் நிற்கும் உருப்பெருக்கி, இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். 15ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடு, பிடியில் செருகிய தையல் ஊசி, முனை சீவிய மூங்கில் குச்சி, மென்மையான ஓவியத் தூரிகை. நைட்ரைல் கையுறை, ஏனென்றால் வியர்வையிலும் உப்புதான். காசுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர்.

எத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து ஒரு துளி வைத்து, மண் ஊறியதும் மூங்கிலால் தொடங்குங்கள். மூங்கிலுக்கு மசியாத இடத்தில் மட்டும் பிளேடு. பிளேடு ஏறக்குறையப் படுத்தாற்போல இருக்கவேண்டும், சுரண்டுவது கூடாது. பொருக்கின் ஓரத்தில் முனையைக் கொடுத்துச் செதில் செதிலாகத் தூக்குவது. ஊசியை நிமிர்த்திப் பிடித்துக் குத்தினால் புள்ளி விழும், அது என்றைக்கும் மறையாது. உருவத்தின் மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்குப் போங்கள், மேடு எங்கே முடிகிறது என்று கண்ணுக்கு முதலில் பிடிபடும்.

நிறம் சொல்வதைக் கேளுங்கள். பழுப்பு மண் எழுந்து கரும்பச்சை வழவழப்பு வந்ததா, நிறுத்துங்கள். செங்கல் சிவப்பு தெரிந்தால் இந்த வகைக் காசில் பெரும்பாலும் எல்லை தாண்டிவிட்டீர்கள். பளிச்சென்ற செம்பு தெரிந்தால் அந்த இடம் போயே போயிற்று. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரைமணி நேரம் ஆவது வழக்கம்தான்.

கொழும்புத்துறை:
யாழ்ப்பாணப் பக்கத்துக் காசுகளிலை இன்னொரு தொல்லை இருக்கு. மண்ணே சுண்ணக்கல்; கரையோரத்திலை சிப்பியும் பவளமணலும் கலந்தது. காசின்ரை மேலை வெள்ளையாய்ச் சுண்ணாம்புப் பொருக்குப் பிடிச்சிருக்கும், மூங்கில் குச்சிக்கு அசையாது. இங்கை ஆக்கள் வினாகிரியிலை போடுறது இதுக்காகத்தான். நுரைச்சுக்கொண்டு வெள்ளை போறதைப் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் சுண்ணாம்பும் கார்பனேட், மலக்கைட்டும் கார்பனேட். அமிலம் இரண்டையும் பிரிச்சுப் பார்க்காது. வெள்ளை முடியிறதுக்கு முதலே ஓரத்திலை பச்சையும் போகத் தொடங்கியிருக்கும்.

கடல் உப்பு ஏறின காசுக்குப் பொருக்கு நீக்கினாப் பிறகும் குளோரைடு கனகாலம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மாசத்திலை முடியுமெண்டு நினைக்க வேண்டாம். செப்புப்படலம் ஐயா, சுண்ணாம்புக்கு நீங்கள் என்ன பாவிப்பீங்கள்?

செப்புப்படலம்:
முடிந்தவரை பிளேடுதான். அதற்கும் மசியாத தடிப்புக்கு 5 சதவீத சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட். காசை முக்காமல், பஞ்சுத் துணுக்கை நனைத்து வெள்ளை இருக்கும் இடத்தில் மட்டும் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது கால்சியத்தைப் பிடிப்பதுபோலச் செம்பையும் பிடிக்கும். பஞ்சில் நீலம் தெரிந்த கணமே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள்.

காவிரிக்கரை:
பொருக்கில் பாதிக்குமேல் எடுத்தாயிற்று. மேடு எழுத்துதான். மேல்வரி 'ஸ்ரீ' தெளிவு. இரண்டாவது வரி 'ராஜ' என்றே தோன்றுகிறது. மூன்றாவது வரி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நடுக்குழி, பொடி அங்கேதான். அடுத்து குளோரைடு நீக்க, சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலா? கடையில் அந்தப் பெயரில் கிடைக்கவில்லை.

செப்புப்படலம்:
வீட்டிலேயே கலக்கலாம். அது சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மூலக்கூறு எண்ணிக்கையில் சமமாகச் சேர்ந்த உப்பு. எடையில் சமம் போடுவது பரவலான தவறு.

1 லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 5 சதவீதக் கரைசல் வேண்டுமென்றால்: நீரற்ற சோடியம் கார்பனேட், அதாவது சோடா ஆஷ், 23.5 கிராம், சமையல் சோடா 18.6 கிராம். படிகமாக விற்கும் வாஷிங் சோடாவாக இருந்தால் அதில் பாதிக்குமேல் நீர்தான், ஆகவே 63 கிராம். அதுவும் மேலே வெள்ளைப் பொடி பூக்காத புதுப் படிகமாக இருக்கவேண்டும்; பூத்திருந்தால் நீர் போய்விட்டது, கணக்குத் தவறும். மணமூட்டிய சலவைத்தூள் வேண்டாம். ஆப்ப சோடா என்று கேட்டு வாங்கும்போது பேக்கிங் பவுடரைக் கொடுத்துவிடுவார்கள், அதில் மாவும் அமில உப்பும் இருக்கும்.

இந்தக் காசுக்கு 1 சதவீதமே போதும் என்பது என் முடிவு: 1 லிட்டருக்கு 4.7 கிராம் சோடா ஆஷ், 3.7 கிராம் சமையல் சோடா. 5 சதவீதம் வேகமாக உப்பை இழுக்கும், ஆனால் மலக்கைட்டையும் மெல்லக் கரைக்கும். முதல் வாரம் கரைசல் நீலமாகிறதே, அந்த நீலம் காசின் செம்புதான். இங்கே எழுத்து படலத்தில் இருக்கிறது, அவசரப்பட இடமில்லை. 200 மில்லி கண்ணாடிப் புட்டி, காசை நைலான் வலையில் தொங்கவிடுங்கள், இருபக்கமும் கரைசல் படும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

நாகரிஎழுத்து:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நோய் இரண்டே புள்ளியில் இருக்கும்போது காசு முழுவதையும் மாதக்கணக்கில் காரக்கரைசலில் ஊறவைப்பது எதற்கு? செஸ்குவிகார்பனேட்டில் கிடந்த காசுகள் நிறம் மாறி நீலப்பச்சையாக வெளியே வருகின்றன. எழுத்து பிழைத்தாலும் மேற்பரப்பின் இயல்பு போய்விடுகிறது. குழியை மட்டும் தோண்டிச் சில்வர் ஆக்சைடு வைப்பது இதற்கென்றே உள்ள முறை அல்லவா?

செப்புப்படலம்:
நியாயமான எதிர்ப்பு. நீலப்பச்சை வருவது சோடியமும் செம்பும் சேர்ந்த கார்பனேட். கால்கோனாட்ரோனைட் என்று பெயர். பலர் அதை மறுபடி நோய் வந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஊறவைப்பார்கள், நிலை மோசமாகும்.

இந்தக் காசில் குழி மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் என்பதால் நானும் உங்கள் வழிக்கே வருகிறேன். செஸ்குவிகார்பனேட்டைக் கையிருப்பில் வையுங்கள் காவிரிக்கரை. குழிமுறை பலிக்காவிட்டால் மட்டும் அது.

குழிமுறை: பொடியை ஊசிமுனையால் எடுத்து, அடியில் மெழுகுபோன்ற சாம்பல் நிறப் பொருள் தெரியும்வரை இறங்குங்கள். அதையும் எட்டும்வரை எடுங்கள். எழுத்துப் பக்கச் சுவரைத் தொடாமல் மறுபக்கச் சுவரிலிருந்து வேலை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பொடியை எத்தனால் தோய்த்த தூரிகையில் எடுத்துக் காகிதத்தில் துடையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பொடி அடுத்த பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு சில்வர் ஆக்சைடுப் பொடியை எத்தனாலில் குழைத்து, ஊசியால் குழிக்குள் அழுத்தி நிரப்புங்கள். மேலே வழிந்ததைத் துடையுங்கள், துணியிலும் தோலிலும் கறை பிடிக்கும். காய்ந்ததும் பழைய ஈரப்புட்டியில் 24 மணி நேரம். மிச்சமிருக்கும் குப்ரஸ் குளோரைடு சில்வர் ஆக்சைடோடு வினைபுரிந்து சில்வர் குளோரைடாகவும் குப்ரைட்டாகவும் மாறி, குழியை அடைத்துக்கொள்ளும். நிறம் கரும்பழுப்பு, காசோடு ஒத்துப்போகும். ஈரப்புட்டியில் எங்காவது பச்சை கசிந்தால் அந்த இடத்தை மறுபடி தோண்டி நிரப்பவேண்டும். மூன்று நான்கு சுற்று சாதாரணம்.

வெள்ளிமுத்திரை:
முத்திரை குத்திய வெள்ளிக் காசு வைத்திருப்பவர்கள் மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் மேலே தெரியும் பச்சை, வெள்ளியோடு கலந்திருந்த செம்பு வெளியேறிப் படிந்தது. அதற்கு நீர்த்த பார்மிக் அமிலம் உண்டு. செம்பு உப்பைக் கரைக்கும், வெள்ளியைத் தொடாது. சாம்பல் நிறத்தில் மெழுகுபோல் தடித்திருப்பது வெள்ளிக் குளோரைடு, அதற்கு அமோனியம் தயோசல்பேட். இரண்டிலும் ஆபத்து ஒன்றே: செம்பு வெளியேறிய வெள்ளி பிஸ்கட் போல நொறுங்கும். பல காசுகளை ஒட்டவைத்திருப்பதே அந்தப் பச்சைதான். விரலால் வளைத்துப் பார்ப்பது, அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவது இரண்டும் கூடவே கூடாது.

சாதவாகனர் ஈயக்காசுக்கு இன்னொன்று: பிளைவுட் பெட்டியில் வைக்காதீர்கள். மரமும் பசையும் விடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

காவிரிக்கரை:
மூன்று சுற்று முடிந்தது. மூன்றாவது சுற்றில் 48 மணி நேரம் வைத்தும் நடுக்குழியில் கசிவில்லை. விளிம்புக் குழியில் ஊசிமுனை அளவு பச்சை மறுபடி வந்தது. அந்தக் குழி ஆழமாக, உள்ளே வளைந்து போகிறது, முனை எட்டவில்லை. எழுத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி. இப்போது 1 சதவீதக் கரைசலா? குளோரைடு தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செப்புப்படலம்:
இனி கரைசல்தான். வளைந்த குழிக்குள் பொடி போகாது, திரவம் போகும். நடுவில் வைத்த அடைப்பின் ஓரம் அரிக்கிறதா என்று வாரம்தோறும் லூப்பில் பாருங்கள்.

குளோரைடு சோதனை: மாற்றும் நாளில் பழைய கரைசலில் 10 மில்லி எடுத்து, நுரை அடங்கும்வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் சொட்டுங்கள். இதைத் தவிர்த்தால் கார்பனேட்டே சில்வரோடு சேர்ந்து மங்கலாகி உங்களை ஏமாற்றும். அடுத்து 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் மூன்று சொட்டு. பால் கலந்ததுபோலத் திரிந்தால் குளோரைடு இன்னும் வருகிறது. அருகிலேயே காசு போடாத புதுக் கரைசலில் அதே சோதனையைச் செய்து, கறுப்புக் காகிதத்தின் முன் இரண்டையும் ஒப்பிடுங்கள். சோடாவிலேயே கொஞ்சம் உப்பு கலந்திருப்பதுண்டு. தொடர்ந்து மூன்று வாரம் இரண்டும் ஒன்றுபோல இருந்தால் நிறுத்தலாம். குழாய்நீர் ஒரு சொட்டும் சேரக்கூடாது.

கொழும்புத்துறை:
நிறுத்தினாப் பிறகு அலசுறதை ஒருத்தரும் பெரிசா எடுக்கிறதில்லை. சோடா உள்ளுக்கை தங்கினா அந்த நீலப்பச்சைதான். ஒவ்வொரு நாளும் புதுசாக் காய்ச்சி வடிச்ச தண்ணி, குறைஞ்சது ஒரு கிழமை. பிஎச் தாளிலை புதுத் தண்ணியும் காசு கிடந்த தண்ணியும் ஒரே நிறம் காட்ட வேணும்.

செப்புப்படலம்:
ஆம், அதை விட்டுவிட்டேன். நன்றி.

அலசிய பின் எத்தனாலில் 15 நிமிடம், புது எத்தனாலில் இன்னொரு 15 நிமிடம். விளக்கின் கீழ் 50 பாகையில் உலர்த்துங்கள். சூடு ஆறும் முன்னே பென்சோட்ரையசோல்: 100 மில்லி எத்தனாலில் 3 கிராம், 24 மணி நேரம், மூடிய புட்டி. கையால் இயக்கும் வெற்றிடப் பம்பு இருந்தால் குமிழ் நிற்கும்வரை காற்றை இழுங்கள். பென்சோட்ரையசோல் செம்போடு சேர்ந்து மெல்லிய காப்புப் படலம் கட்டும். பலரும் இதையே மருந்தென்று நினைத்து நோயுள்ள காசை நேராக இதில் போடுகிறார்கள். குழியில் அமிலம் மிச்சமிருந்தால் அந்தப் படலம் கட்டவே கட்டாது. குளோரைடை முதலில் எடுக்கச் சொன்னது இதனால்தான். இது உடலுக்குக் கேடு தரும் பொருள். கையுறை, திறந்த ஜன்னல், சமையலறைப் பாத்திரம் கூடாது. எடுத்ததும் எத்தனால் தோய்ந்த பஞ்சால் துடையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் படிகம் பூக்கும்.

கடைசியாகப் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின், 100 மில்லி அசிட்டோனில் 5 கிராம், தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சு. மழைநாளில் செய்யாதீர்கள். அசிட்டோன் பறக்கும்போது காசு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, பூச்சு வெள்ளையாகத் திரைகட்டும். ஏசி ஓடி ஈரம் குறைந்த அறையில் செய்யுங்கள். திரைகட்டிவிட்டால் பதற்றம் வேண்டாம், அசிட்டோனில் கழுவித் திரும்பப் பூசலாம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைச் சோப்பாக மாறும்.

நாகரிஎழுத்து:
மண்ணிலிருந்து நேரடியாகக் கிடைத்த காசென்றால் இந்த வேலை எதையும் தொடங்கக்கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணே ஆய்வாளருக்குச் சான்று.

காவிரிக்கரை, மூன்றாவது வரியில் இன்னும் பொருக்கு இருக்கிறதே என்று கை ஊறும். 'ஸ்ரீ ராஜ' வரை படித்தாயிற்று. லீலாவதி காசும் 'ஸ்ரீ ராஜ' என்றே தொடங்குவதால் அது மட்டும் முடிவான சான்று ஆகாது, ஆனால் குழியை ஒட்டிய மூன்றாவது வரியைத் தொட்டால் அதுவே போய்விடலாம். அந்த வரியை அப்படியே விட்டுவிடுங்கள்.

காவிரிக்கரை:
விட்டுவிடுகிறேன். வைக்கும் பெட்டி?

செப்புப்படலம்:
காற்றுப்புகா பாலிஎத்திலீன் டப்பா, 1 லிட்டர். சிலிக்கா ஜெல் 20 கிராம் போதும். 50 போட்டால் மாற்றும் இடைவெளி கூடும். நீலநிற வகையில் கோபால்ட் உண்டு, ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் மின்சூட்டடுப்பில் (oven) 110 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். உள்ளே சிறு டிஜிட்டல் ஈரமானி, 35 சதவீதத்துக்குக் கீழே நிற்கட்டும். காசு மைலார் (பாலியஸ்டர்) உறையில், பிவிசி உறையில் வேண்டாம்.

இன்றைய எடையை 0.01 கிராம் துல்லியத்தில் குறித்துவையுங்கள். முதல் மூன்று மாதம், மாதம் ஒருமுறை லூப்பில் விளிம்புக் குழியைப் பாருங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை முடிந்ததும் ஒருமுறை. பச்சை தெரிந்தால் பூச்சை அசிட்டோனில் கழுவிவிட்டு, குழியில் புதிதாகத் தெரியும் பொடியின் படத்தோடு இங்கேயே போடுங்கள்.